பாலிஷ் ஷெட்டுக்கு ஒரு சிலிண்டர்

தீயணைப்பு சிலிண்டர் விற்கிறவர் வீட்டிலேயே தப்பான சிலிண்டர் தொங்கியது என்றால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆக வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முழுசாக ஆறு வருஷம் தொங்கியது.

மனிதர் தொழிலில் கெட்டிக்காரர், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைப் பார்ப்பார், அப்புறம்தான் முதலாளியின் முகத்தைப் பார்ப்பார். பெயிண்ட் கடையில் தண்ணீர் சிலிண்டர் மாட்டியிருந்தால் போச்சு, குதி குதியென்று குதித்துவிடுவார். "எரியற தின்னர் மேல தண்ணி அடிச்சா அணையுமாய்யா? தண்ணி அடியில போயிடும். தீ மேல மிதந்துக்கிட்டே அடுத்த ரூமுக்குப் போகும்!" என்று அவர் போடுகிற சத்தத்தில் வாங்க வந்தவர்கள் ஓடிவிடுவார்கள்.

ஆனால் சொந்த வீட்டுக்கு? யாரோ திருப்பிக் கொடுத்த பழைய தண்ணீர் சிலிண்டரைக் கொண்டுவந்து, "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று மாட்டினார். அதோடு மறந்தார். மாட்டியது வேறெங்கேயும் இல்லை, வீட்டின் பின்பக்கம் மனைவி வேலை செய்கிற பாலிஷ் ஷெட்டில். தின்னர், ஸ்பிரிட், வார்னிஷ் என்று தீப்பற்றுகிற சமாச்சாரம் அத்தனையும் டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கிற இடம்.

தெரு முழுக்க அவளைப் பாலிஷ் அக்கா என்றுதான் கூப்பிடும். வெளிறிப்போன மேஜையைக் கொடுத்தால் துணி உருண்டையை ஸ்பிரிட்டில் நனைத்து, வட்டம் வட்டமாகத் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கித் தருவாள். அவளுக்குச் சோறு தண்ணீர்கூட இரண்டாம்பட்சம், ஷெட்டுதான் உயிர். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது தோளில் தகடு வைத்தபோதுகூட, மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்த அலமாரிக்கு இரண்டாம் பூச்சு யாரு போடறது?" என்பதுதான்.

கணவருக்கு வந்ததே கோபம். "கை பழையபடி ஆகற வரைக்கும் ஷெட் சாவியை என்கிட்ட கேக்கவே கூடாது. மீறி நுழைஞ்சே, நிரந்தரமா இழுத்துப் பூட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டார். தோளுக்கு மூன்று மாதம் பயிற்சி செய்யச் சொன்னார்கள். அவள் ஒன்றரை மாதம் பல்லைக் கடித்தாள். அப்புறம் ஒரு காலை, கொஞ்சங்கூடக் கூசாமல், "டாக்டர் போதும்னுட்டாருங்க" என்றாள். அவரும் நம்பிச் சாவியைக் கொடுத்தார். கையில் பழைய பலம் மட்டும் வரவேயில்லை. தேய்க்க முடிந்தது. கனமாக எதையும் தூக்க முடியவில்லை. மேஜையைப் புரட்ட வேண்டுமென்றால் பக்கத்துப் பட்டறைத் தச்சரைக் கூப்பிட்டுக்கொள்வாள்.

போன செவ்வாய்க்கிழமைதான் வினை வந்தது. பிரஷ் கழுவத் தட்டில் தின்னர் ஊற்றி வைத்திருந்தாள். ஃபேன் பிளக்கிலிருந்து ஒரு பொறி தெறித்தது. குப்பென்று தட்டு முழுக்கத் தீ. அவள் ஒரு தகர மூடியை எடுத்துத் தட்டின் மேல் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடிவிட்டு வெளியே வந்து நின்றாள். காற்றில்லாமல் தீ தானாகச் செத்தது. ஒரு பிரஷ்தான் நஷ்டம்.

புகையைப் பார்த்துக் கடைசியில் ஓடிவந்த தச்சர் வாயில் இது நிற்குமா? சாயங்காலமே கணவர் காதுக்குப் போய்விட்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பக்கத்துலயே தண்ணி சிலிண்டர் இருந்தும் தொடல பாத்தீங்களா! என் பொண்டாட்டிக்கு என்ன மூளை!" என்று போகிற கடையிலெல்லாம் பீற்றிக்கொண்டார். கூடவே உள்ளுக்குள் குறுகுறுத்தது. அந்தத் தண்ணீர் சிலிண்டரை மாட்டியதே அவர்தானே.

ஞாயிற்றுக்கிழமை காலை வேனிலிருந்து மூன்று சிலிண்டர்களை இறக்கி ஷெட் வாசலில் வரிசையாக வைத்தார்.

"இது கேஸு. தீயை அமுக்கும், ஆனா உன் ஷெட்டுல நாலு பக்கமும் ஜன்னல் திறந்து கிடக்கு, காத்துல கலைஞ்சு போயிடும். அணைஞ்ச தின்னர் மறுபடி பத்திக்கும். இது பவுடரு. நல்லாத்தான் கேக்கும். ஆனா கண்ணு தெரியாது, மூச்சு முட்டும், ஈர பாலிஷ் மேல விழுந்தா ஒரு மாச வேலை நாசம். இதோ இருக்கு பாரு, இதான் உனக்கு. நுரை. தின்னர் மேல போர்வை மாதிரி மூடிக்கும். சாதா நுரை இல்ல, சாதா நுரையை ஸ்பிரிட்டு கரைச்சுடும். இது ஸ்பிரிட்டுக்கே தாக்குப்பிடிக்கிற நுரை. ஒன்பது லிட்டர். ராஜா மாதிரி நிக்குது பாத்தியா?"

ராஜா பதிமூன்று கிலோவுக்கு மேல் இருப்பார். அவள் மெல்ல வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"தூக்கிப் பாரு" என்றார்.

"அடுப்புல பால் வெச்சிருக்கேங்க."

"பால் வாங்கவே இல்லையேம்மா இன்னிக்கு."

"அப்புறமா தூக்கறேனே. என்ன அவசரம்?"

"தீ என்ன, அப்புறமா வரேன்னு சொல்லிட்டா வரும்? எடு."

அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். அடிப்பாகம் தரையை விட்டு விரற்கடை எழும்பியது. தோளில் சுரீரென்றது. டங்கென்று கீழே வைத்துவிட்டு அப்படியே குனிந்து நின்றாள். இனி மறைத்து என்ன பிரயோஜனம்?

"முடியலைங்க. அன்னிக்கும் முடியல."

"என்னிக்கு?"

"தீ பிடிச்ச அன்னிக்கு. நான் முதல்ல ஓடினதே அந்தத் தண்ணி சிலிண்டர்கிட்டதான். பதட்டத்துல நீங்க சொன்னது ஒண்ணும் ஞாபகம் வரல. இழுத்து இழுத்துப் பாத்தேன், கொக்கியை விட்டு வரவே இல்ல. அப்புறம்தான் மூடியை எடுத்தேன். மூளையும் இல்ல ஒண்ணும் இல்ல. பயிற்சியையும் பாதியிலயே விட்டுட்டேன். டாக்டர் போதும்னு சொல்லல, நான்தான் சொன்னேன்."

இனி கத்துவார், கதவை இழுத்துப் பூட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. பாதி பாலிஷ் போட்ட கட்டிலின் விளிம்பில் போய் உட்கார்ந்தார், ஈரம் வேட்டியில் ஒட்டுவதுகூடத் தெரியாமல்.

"நீ அதைத் தூக்கியிருந்தேன்னா..." என்றார். எரிகிற தட்டில் தண்ணீர் பாய்ந்தால் தின்னர் எந்தப் பக்கமெல்லாம் தெறிக்கும் என்று இந்த ஊரில் அவரைவிட யாருக்குத் தெரியும்? முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி அழுதார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"அதான் ஒண்ணும் ஆகலையே. விடுங்க."

"நெருப்புக்குக்கூட நீ இவ்வளவு பயப்படல. என்கிட்ட உண்மையைச் சொல்லத்தான் பயந்திருக்கே" என்றார் அவர். "பூட்டிடுவேன் பூட்டிடுவேன்னு நான் கத்தினேன் பாரு, அது எவ்வளவு பெரிய தப்பு!"

அது உண்மைதானே.

அவர் எழுந்தார். தண்ணீர் சிலிண்டரைக் கழற்றி வேனில் போட்டார். பிறகு ஒரு பிளாஸ்டிக் கேனும் தண்ணீரும் கொண்டுவந்து, இரண்டு லிட்டர், மூன்று லிட்டர் என்று ஊற்றி ஊற்றி அவளைத் தூக்கச் சொன்னார். ஐந்தில் அவள் கை நடுங்கியது. நாலரையில் நின்றது. வேனுக்குள் உருட்டிப் புரட்டி, அதே ஸ்பிரிட் நுரையில் இரண்டு லிட்டர் சிலிண்டர் ஒன்றைத் தேடி எடுத்தார். மொத்த எடை நாலு கிலோ சொச்சம்.

"இதுல அணையலேன்னா ஓடி வந்துடணும். மேஜை போனா மயிரே போச்சு. அப்புறம், நாளைலேர்ந்து பயிற்சிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். காலைல பயிற்சி, அப்புறம் ஷெட்டு. சரியா?"

"பூட்ட மாட்டீங்களா?"

"உன்னை வெளியே நிறுத்திட்டு நான் எந்த முகத்தோட வீட்டுக்குள்ள உட்காருவேன்? போய் வாசலுக்கிட்ட நில்லு. கையை நீட்டு."

நின்றாள். வலியில்லாமல் எவ்வளவு உயரம் எட்டுகிறதோ அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே.

"கடைகள்லல்லாம் இன்னும் மேல மாட்டுவீங்களேங்க?"

"கடைக்காரனுங்க தோளையெல்லாம் நான் பாத்தேனா என்ன?"

கோட்டில் துளை போட்டுக் கொக்கியை முறுக்கினார். சிலிண்டரை மாட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இப்ப எடு" என்றார்.

வலது கையால் எடுத்தாள். சுலபமாக வந்தது.