சூரும் தீருவும்

"எழுத்துக்கு எழுத்து நிறைவேறிட்டு எண்டு போதகர்..."

"எங்க நிறைவேறின? எப்ப நிறைவேறின?"

"...சொல்லக்குள்ள சபை முழுக்க எழும்பி நிண்டு ஆமென் எண்டு..."

"சபை ஆமென் சொன்னா ஊர் அழிஞ்சிருமா? உன்ட போதகர் தும்மினாலும் ஆமென் சொல்ற கூட்டம்தானே அது."

றோசம்மா இன்னும் செருப்பைக் கழற்றவில்லை. ஜெபவீட்டிலிருந்து வாவிக்கரை வழியாக நடந்து வந்த வேர்வை கழுத்தில் காயவில்லை. வளவுக்குள் கால் வைத்து, போதகர் இன்றைக்கு வேதத்தில் சாபம் விழுந்த தீரு பட்டினத்தைப் பற்றிப் பேசினார் என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். அவ்வளவுக்குள் புருஷன் ஜூலியன் வலை பொத்திக்கொண்டிருந்த ஊசியை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்துவிட்டார். அறுபத்தெட்டு வயது மனிதருக்கு வேறெதற்கும் வராத உசார் இதற்கு மட்டும் வரும்.

வேதத்தின் முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை அந்தக் கரையில் அவரளவுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. காலையில் வாவியில் இறால் பிடித்தவர், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேட்டோடு இருபது வருடம் ஞாயிறு பாடசாலை நடத்தினார். ஒரே மகள் சுஜீவாவின் புருஷன் றோய்க்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகியபோது போதகர் வீட்டுக்கு வந்து, பொடியனின் தலையில் கைவைத்து, இவன் பேரப்பிள்ளைகளைக் காண்பான் என்று தீர்க்கதரிசனம் சொன்னார். அன்றைக்கு எல்லோரையும்விடச் சத்தமாக அழுது தோத்திரம் பண்ணியவரும் ஜூலியன்தான். நாற்பத்தோராம் நாள் றோய் செத்துப்போனான். வயது முப்பத்துநாலு. பிள்ளைகூட இல்லை, பேரப்பிள்ளைக்கு எங்கே போவது. அடக்கத்துக்குப் பிறகு ஜூலியன் ஜெபவீட்டு வாசலை மிதிக்கவில்லை. வேதத்தை மட்டும் விடவில்லை. முந்தி நம்புவதற்கு வாசித்ததை இப்போது மடக்குவதற்கு வாசித்தார், பொய்ச்சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டுக் குறுக்குக் கேள்வி கேட்கிற அப்புக்காத்து மாதிரி. எந்தத் தீர்க்கதரிசனம், யார் சொன்னது, எந்த ராசா காலம், நடந்ததா இல்லையா என்று சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே போனார்.

சுஜீவா லெபனானுக்கு வீட்டுவேலைக்குப் போய் மூன்று வருடம். இப்போது அங்கே சண்டை. எங்கட பக்கம் இல்லம்மா, அது மலைப்பக்கம், என்று ஒவ்வொரு தரமும் சொல்லுவாள்.

"பாபிலோன் ராசா வந்து அந்த ஊர இடிச்சுத் தரைமட்டமாக்குவான் எண்டுதானே எசேக்கியேல் தீர்க்கதரிசி சொன்ன?" என்றார் ஜூலியன். "பதின்மூண்டு வருஷம் சுத்தி நிண்டான். ஏலாமப் போயிற்று. நான் சொல்லல்ல. அதே எசேக்கியேல் மூண்டு அதிகாரம் தள்ளி, பாவம் அவனுக்கு அங்க பட்ட பாட்டுக்குக் கூலியே கிடைக்கல்ல எண்டு தன்ட வாயாலயே ஒத்துக்கொள்றார்."

"அலெக்சாந்தர் வந்து முடிச்சாரே. கல்லையும் மரத்தையும் கடலுக்குள்ள தள்ளி..."

"அவன் வந்த இருநூத்தம்பது வருஷத்துக்கு மறுகா. மாப்பிள்ளையப் பேசிப்போட்டு அவன்ட பூட்டப்பிள்ளைக்குக் கலியாணம் முடிச்ச மாதிரிக் கதை. சரி, அழிஞ்சுதெண்டே வை. தேடினாலும் காணக் கிடைக்காது எண்ட ஊருக்குப் பவுல் எப்பிடிக் கப்பல்ல போய் இறங்கின? ஏழு நாள் தங்கினாரே, எங்க, கடலுக்கு அடியிலயா?"

"வலை காயப்போடுற வெறும் பாறையாகும் எண்டு..."

"அதுவும் ஒரு சாபமா புள்ள? மீன்காரன் எண்டா அவருக்கு அவ்வளவு இளக்காரம். இஞ்ச சுத்திப் பாரு. நம்மட வளவும் அந்தச் சாபத்திலதான் கிடக்கு. அதுலதான் நாம சோறு தின்ற."

றோசம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. சிரித்தால் தோற்றதாகிவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவருக்கோ வலை நிறைந்துவிட்ட மாதிரி. இழுக்காமல் விட மனம் வரவில்லை.

"அந்த ஊர் எங்கயும் போகல்ல. இண்டைக்கும் கடையும் தெருவும் மாடிவீடுமா நிக்கிது. வேதத்துலதான் தீரு. அங்கத்தய சனம் சொல்ற சூர்."

அவள் ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள். மற்றது காலில் இருந்தது.

"எந்தச் சூர்?"

ஜூலியன் ஊசியை எடுத்து நூலைத் தேடினார். நூல் அதிலேயேதான் இருந்தது.

"கேக்கிறன். எந்தச் சூர்?"

"லெபனான்ல ஒரு சூர்தான் இருக்கு."

"நம்மட சுஜி இருக்கிற சூரா?"

"ஒரு மாசமாத் தெரியும். சொல்லிருக்கக் கூடா. வாய்க்குள்ளால வந்திட்டு."

மூன்று வருடமாக அந்தப் பெயரை அவள் போனில் மகளிடம் நாளுக்குப் பத்துத் தரம் சொல்லியிருக்கிறாள். சூர்ல மழையா மனே, சூர்ல மீன் என்ன விலை. இந்தக் காலையில்தான் தீருவின் பெயரைக் கேட்டு எல்லோரோடும் எழுந்து நின்று கைதட்டினாள். தட்டிய கை இரண்டையும் சேலையில் துடைத்தாள்.

"அப்ப இன்னும் நடக்கல்ல," என்றாள் மெதுவாக.

"அதத்தானே சொல்றன். நடக்கல்ல. பொய்."

"இல்ல. நீங்கதான் சொல்றீங்க, பாபிலோன்காரனுக்கும் ஏலாமப் போயிற்று, அலெக்சாந்தருக்குப் பிறகும் ஊர் நிக்கிது எண்டு. அப்ப அது இனித்தான் வரப்போகுது."

"றோசம்மா, நான் சொன்ன வராது எண்டு."

"வராது எண்டு நீங்க சொல்லல்ல. வரல்ல எண்டுதான் சொன்ன. ரெண்டும் ஒண்டில்ல."

இருபது வருடம் பிள்ளைகளின் கேள்விக்கு மறுமொழி சொன்ன மனிதர் வேதத்தை எடுக்க எழும்பினார். அதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள்.

இரண்டாம் தரம் மணி அடிக்கும்போதே சுஜீவா எடுத்தாள். அவள் பராமரிக்கிற வீட்டுக்காரக் கிழவியை மாமா என்றுதான் கூப்பிடுவாள்; அந்த ஊரில் அம்மாவுக்கு அப்படித்தான் சொல்வார்கள். மாமாவின் ஆண்மக்கள் இருவரும் பெய்ரூத்துக்குப் போய்விட்டார்கள். மாமா அசையமாட்டேன் என்கிறா. பக்கத்து வீட்டுச் சனம் பின்னேரம் வேனில் வடக்கே பெய்ரூத்துக்கு வெளிக்கிடுகிறார்கள், ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறதாம்.

"ஏறு மனே," என்றாள் றோசம்மா. "இப்பவே வெளிக்கிடு."

"மாமாக்கு நடக்க ஏலாதேம்மா. ஆர் தண்ணி குடுக்கிற?"

ஜூலியன் போனைப் பறித்தார். "மகள், நில்லு. அது கல்வீடு, கீழ அறை இருக்கு. றோட்டுத்தான் பயம். நம்மட நாட்டுச் சண்டைக்குள்ள றோட்டுல வெளிக்கிட்ட சனத்துக்கு என்ன நடந்த எண்டு எனக்குத் தெரியும்."

"கேக்காத மனே! அந்த ஊர் அழியும் எண்டு வேதத்துல இருக்கு!"

"ரெண்டு பேரும் ஒண்டாக் கதைக்காதீங்க. ஒண்டும் விளங்குதில்ல." பிறகு, "றோய்க்கும் வாக்கு இருந்திச்சேம்மா," என்றாள் சுஜீவா. குற்றம் சொல்கிற குரல் இல்லை. ஞாபகப்படுத்துகிற குரல். அதுதான் றோசம்மாவின் நெஞ்சில் ஏறியது.

"எனக்காக மனே. இந்த ஒருக்கா அம்மாட சொல்லக் கேளு."

"சரிம்மா," என்றாள் மகள்.

பின்னேரம் ஒரு குரல் செய்தி வந்தது. வேன்ல ஏறிட்டன். மாமா அழுதா. கட்டிலுக்குப் பக்கத்துல மூண்டு போத்தல் தண்ணியும் ரொட்டியும் வச்சிட்டு வந்தன். பிறகு வேன் கதவு சாத்துகிற சத்தம். அதோடு சரி.

திங்கட்கிழமை முழுவதும் றோசம்மா போனில் அனுப்பிய செய்தியெல்லாம் ஒற்றைச் சரி அடையாளத்தோடு நின்றது. இரண்டாவது சரி விழவில்லை. எங்கே மனே. சாப்பிட்டியா. ஒரு எழுத்தாவது போடு. வடக்கே போகிற பாதையிலும் குண்டு விழுகிறதாம் என்று யாரோ யாருக்கோ அனுப்பியது அவளுக்கும் வந்தது. வேறொருவர் அனுப்பிய படத்தில் ஒரு கடற்கரைப் பட்டினமும் புகையும் தெரிந்தன. புகைக்கு அடியில் வீடுகள் நின்றன. நிற்கிற வீடுகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அழிந்திருக்கவேண்டும் என்று தன் மனதுக்குள் எங்கோ ஒரு மூலை தேடுகிறதோ என்று பயந்து போனைக் கவிழ்த்து வைத்தாள். அது அழிந்திருந்தால் அவள் சொன்னது சரி. சரியாக இருப்பதற்காக ஒரு ஊரையும், மூன்று போத்தல் தண்ணீரோடு படுத்திருக்கிற ஒரு கிழவியையும் கேட்கிற மனம் எப்படிப்பட்டது? முழங்காலில் நின்றாள். என்ன கேட்பது என்று தெரியாமல் எழும்பிவிட்டாள்.

ஜூலியன் வாவிக்குப் போகவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். நாற்பது வருடத்தில் அவர் ஊற்றிய தேத்தண்ணி ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

"யோசிச்சுப் பாத்தன் புள்ள," என்றார். "அலெக்சாந்தர் கல்லையும் மண்ணையும் கடலுக்குள்ள போட்ட உண்மைதான். எசேக்கியேல் சொன்ன மாதிரியே. நிறைவேறின எண்டே சொல்லலாம். எப்பயோ முடிஞ்ச காரியம். இனி அந்த ஊருக்கும் வராது, பாதைக்கும் வராது."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கண் சிவந்து, தாடி மழிக்காமல், ஞாயிறு பாடசாலையில் அதே வரியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே மனிதர். அவரை நம்பவேண்டும்போல் இருந்தது.

"பூட்டப்பிள்ளைக்குக் கலியாணம் முடிச்ச கதை எண்டு நீங்கதானே சொன்ன," என்றாள்.

தேத்தண்ணியில் ஆடை படிந்தது.

செவ்வாய்க்கிழமை பகல் சபூரா வந்தாள். காத்தான்குடியிலிருந்து வீடு வீடாகச் சீலைத்துணி கொண்டு வருகிறவள். குவைத்தில் பதினொரு வருடம் வீட்டுவேலை செய்தவள். சுஜீவா போவதற்கு முன் தண்ணி, உப்பு, தலையிடி, சம்பளம் எல்லாவற்றுக்கும் அரபு சொல்லிக்கொடுத்தது அவள்தான். இன்றைக்குத் துணி மூட்டையை அவிழ்க்கவில்லை. அதன்மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"போனுல சாச் இல்லாமத்தான் இரிக்கும் றோசக்கா. வாகனமெல்லாம் ஒரே நெரிசலாம். அல்லா காப்பாத்துவான்."

"ஓம்," என்றார் ஜூலியன். யார் காப்பாற்றினாலும் இப்போது அவருக்கு ஆட்சேபணை இல்லை.

அப்போதுதான் போன் அடித்தது. திரையில் 'சுஜி வீடு' என்று இருந்தது. முதல் வருடம், மகளிடம் சொந்தப் போன் இல்லாத காலத்தில், பேசிவந்த மாமா வீட்டு இலக்கம். றோசம்மா எடுத்த வேகத்தில் போன் கைதவறி மண்ணில் விழுந்தது. எடுத்துக் காதில் வைத்து, "மனே! மனே!" என்று கத்தினாள். மறுபக்கம் இருந்தது மகளில்லை. வயதான குரல். ஒரே மூச்சில் என்னென்னவோ சொன்னது. அதற்குள் சுஜி, சுஜி என்று இரண்டு தரம் வந்தது.

"மாமா," என்றாள் றோசம்மா. போனைச் சபூராவிடம் நீட்டினாள்.

சபூரா எழுந்து நின்று கேட்டாள். இடையிடையே தலையாட்டினாள். இரண்டொரு வார்த்தை மெதுவாகக் கேட்டாள். 

"வீட்டுக்கு ஒண்டும் நடக்கல்லயாம்," என்றாள், போனின் வாயைப் பொத்திக்கொண்டு. "தெருவும் அப்பிடியேதான் இரிக்காம். எதிர்வீட்டு ஆள் காலம்பறயும் ரொட்டி கொண்டு வந்து குடுத்தாராம். தனக்குப் பயமில்ல எண்டு சொல்லச் சொல்றா."

"மறுகா?" என்றார் ஜூலியன்.

சபூரா இருவரையும் பார்க்காமல் போனைப் பார்த்தாள். உள்ளே கிழவியின் குரல் இன்னும் மறுமொழிக்குக் காத்து, என்னவோ கேட்டுக்கொண்டிருந்தது.

"சுஜி ஊருக்கு வந்து சேந்திட்டாவா எண்டு கேக்கிறா, றோசக்கா. நான் என்ன சொல்ல?"