சித்தி கண்ணுக்குத் தெரிகிற காட்சி

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? கதை எப்படிப் பிறந்தது என்று கேட்டால் மற்ற எழுத்தாளர்கள் ஒரு ரயில் பயணம், ஒரு பறவை, தூரத்தில் கேட்ட பாட்டு என்று ஏதாவது சொல்வார்கள். எனக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. நான் சினிமாவுக்கு வசனம் எழுதுகிறவன். குழந்தைகளும், அவர்களைப் பெற்ற பாவத்துக்காகப் பெரியவர்களும் பார்க்கிற ஒரு மாயாஜாலக் குடும்பச் சிரிப்புப் படம். அது ஓடியது என்று இரண்டாம் பாகம், அதுவும் ஓடியது என்று மூன்றாம் பாகம், இப்படியே ஐந்தாம் பாகம் வரை இழுத்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் வசனம் நான்தான். ஐந்தாம் பாகத்தில் நான் ஒரே ஒரு நல்ல காட்சி எழுதினேன். அதை என்ன செய்தார்கள் என்று சொல்லத்தான் இது.

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள் செய்தேன்.

"ஒரு வீட்டில் ஒரு குடை இருந்தது." [இது போஸ்டரிலேயே இருக்கிறது.]

"அவரைப் பார்த்தவர்கள் குறைவு, கேட்டவர்கள் அதிகம்." [விடுகதை. விடை சொன்னவர்களுக்கு மிட்டாய் கொடுக்க வேண்டிவரும்.]

"சித்தி படப்பிடிப்புக்கு வந்தபோது அவருடைய நாற்காலியில் ஒரு பந்து உட்கார்ந்து—"

மூன்றாவது பரவாயில்லை. ஆனால் பந்து யார் என்று தெரியாமல் நீங்கள் முழிப்பீர்கள். முதலில் குடும்பத்தை அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

2

படத்தில் வருவது ஒரு வீடு, அதன் பரணில் ஒரு பழைய குடை. அதை வீட்டுக்குள் விரிக்கிறவர்கள்மேல் ஏதாவது ஒரு மாயம் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்பா பொய் சொன்னால் தரையை விட்டு மேலே எழும்புவார். அம்மா அழுதால் கூடத்தில் மழை பெய்யும். மாமாவுக்கு நாய் பேசுவது புரியும். நாய்கள் அவரைப் பற்றி நல்லதாக எதுவும் பேசுவதில்லை. சின்னவனைத் திட்டினால் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிவிடுவான். அம்மாவின் தங்கை, அதாவது சித்தி, குடையை விரித்தவுடன் மறைந்துபோனார். முதல் பாகத்தின் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரிவார். அதற்குப் பிறகு வெறும் குரல்தான்.

நடிக்கிறவர்களுக்குச் சொந்தப் பெயர்கள் உண்டு. யாரும் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் எல்லோரும் அப்பா, அம்மா, மாமா, சித்திதான். "நாங்க நிஜமாவே ஒரு குடும்பம் மாதிரி" என்று பேட்டிகளில் சொல்வார்கள். அதில் பொய்யே இல்லை. ஒருவருக்கு ஒருவர் ஆகாது, அடுத்தவர் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள், போட்டோ என்றால் மட்டும் தோளில் கை போட்டுக்கொள்வார்கள்.

அப்பாவைக் கயிறு கட்டித்தான் தூக்க வேண்டும். அவருக்கு இடுப்புப் பிடிப்பு. "ரைட்டர், பொய்யைக் கொஞ்சம் குறைங்க" என்று என்னிடம் காதோடு சொன்னார். குறைத்தேன். நாலாம் பாகத்தில் அவர் உத்தமராக மாறிய கதை இவ்வளவுதான். விமர்சகர்கள் அதைப் பாத்திரத்தின் ஆன்மிக வளர்ச்சி என்று எழுதினார்கள். சின்னவன் இப்போது காலையிலும் மதியத்திலும் சவரம் செய்துகொண்டு சின்னப் பையனாக நடிக்கிறான். அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று கேள்வி.

3

பந்துக்கு வருகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத ஆளோடு பேசி நடிப்பது சுலபமில்லை. அப்பா கதவைப் பார்ப்பார், அம்மா ஜன்னலைப் பார்ப்பார், பார்க்கிறவர்களுக்குச் சித்தி ஒருவரா இருவரா என்று சந்தேகம் வந்துவிடும். அதனால் சித்தியின் முகம் இருக்க வேண்டிய உயரத்தில் ஒரு கம்பியை நிறுத்தி, அதன் நுனியில் ஒரு மஞ்சள் பந்தைச் சொருகி வைப்பார்கள். எல்லோரும் அதைப் பார்த்துப் பேசுவார்கள். பிறகு கம்பியையும் பந்தையும் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார்கள். கடைசியில் சித்தி டப்பிங் தியேட்டருக்கு வந்து குரல் கொடுத்துவிட்டுப் போவார்.

ஆரம்பத்தில் சித்தியே அந்த இடத்தில் நின்று வசனம் சொல்லிக்கொண்டிருந்தார். பந்து வந்ததும் அவரை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். "பந்துகூட நடிக்கிறது வசதி, நடுவுல இருமாது" என்றார் அப்பா. பந்துக்கு உள்ளே வெல்வெட் தைத்த பெட்டி, அதைத் தூக்கிவர ஓர் ஆள், இடைவேளையில் உட்காரவைக்க ஒரு நாற்காலி. சித்தி ஒரு முறை சும்மா பார்க்க வந்தபோது மற்ற நாற்காலி எதுவும் காலியில்லை, நின்றுகொண்டே டீ குடித்தார்.

[நான் எழுந்து இடம் கொடுத்திருக்கலாம். எனக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

4

நாலாம் பாகத்து டப்பிங் முடிந்து, தியேட்டர் தாழ்வாரத்தில் டீ மிஷின் பக்கத்தில் நின்றிருந்தோம். சித்தி சுற்றிவளைக்காமல் கேட்டார்.

"அடுத்ததுதான் கடைசி பாகமாமே ரைட்டர். அதுலயாவது என்னைக் காட்டிடுங்களேன்."

"உங்க குரலுக்குத்தானே சித்தி தியேட்டரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். நேத்து காய் வாங்கப் போனேன். தக்காளி எவ்வளவுன்னு கேக்குறேன், பக்கத்துல நின்ன குழந்தைங்க சட்டுனு திரும்பிடுச்சுங்க. ஏய், சித்தி குரல்டான்னு ஒண்ணு சொல்லுது. அப்புறம் என்ன பண்ணுச்சுங்க தெரியுமா? என்னைத் தாண்டித் தேடுதுங்க. கடைக்குள்ள எட்டிப் பாக்குதுங்க, மேல பாக்குதுங்க. நான் எதிர்லயே நிக்கிறேன்."

"நான்தான்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. 'இல்ல, சித்தி தெரியமாட்டாங்க'ன்னு எனக்கே பாடம் எடுத்துட்டுப் போகுதுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எழுதிவிடுகிறேன் சித்தி, ஒரு காட்சி போதும், உங்களைக் காட்டிவிடலாம் என்று வாக்குக் கொடுத்தேன்.

5

இந்த இடத்தில் சித்தியை வர்ணிக்க வேண்டும். முறைப்படி அவர் வந்தவுடனேயே செய்திருக்க வேண்டும். உட்கார்ந்தேன்.

அவருக்கு வட்டமான, களையான—

வயதானாலும் அழகு குறையாத—

இரண்டையும் விட்டுவிட்டேன். பேனா என் பேச்சைக் கேட்காமல் தயாரிப்பாளர் பேச்சைக் கேட்கிறது.

இன்னொரு சந்தேகமும் வந்தது. சித்தியை நான் ரொம்ப நல்லவராக எழுதிக்கொண்டு போகிறேன். பாவப்பட்ட பெண் என்றால் வாசகர்கள் உச்சுக்கொட்டிப் பக்கத்தைப் புரட்டுவார்கள், எழுதுகிறவனுக்கும் வேலை மிச்சம். சித்தி அப்படிப்பட்ட ஆள் இல்லை. பெரிய கைகாரி.

திரையில் வாய் தெரிகிறவர்கள் டப்பிங்கில் தங்கள் வாயசைவுக்குள்தான் பேச முடியும். சித்திக்கு வாயே தெரியாதே. எப்போது வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் பேசலாம். அப்பா உருக்கமாக ஒரு பக்க வசனம் பேசி முடித்து மூச்சு வாங்குவார், அந்த இடைவெளியில் சித்தி, "முடிஞ்சுதா? சோறு ஆறுது" என்று ஒன்றைப் போடுவார். தியேட்டர் அதற்குத்தான் சிரிக்கும். அம்மா அழுது மழை கொட்டும்போது, "துணி காயப்போட்டிருக்கேன் அக்கா" என்பார். இதில் எதுவும் நான் எழுதியதில்லை. மற்றவர்கள் இதையெல்லாம் படம் வெளியான பிறகுதான் கேட்பார்கள், பல்லைக் கடிப்பார்கள். ஒவ்வொரு காட்சியையும் அவர்கள் நடிக்க, இவர் கடைசியில் வந்து அள்ளிக்கொண்டு போவார். குடும்பத்துக்கு இவரைப் பிடிக்காததற்குக் காரணம் இருமல் இல்லை.

6

காட்சியை எழுதினேன். குடை கிழியப்போகிறது, அம்மா பாய்ந்து போய் அதை மூடுகிறார், மூடியதும் சித்தி நிற்கிறார். சித்திக்கு ஒரே வரி: "அக்கா, நான் இங்கேயேதான் இருந்தேன்."

தயாரிப்பாளர் அலுவலகத்தில் சித்தியைத் தவிர எல்லோரையும் உட்காரவைத்துப் படித்தேன். முதலில் அப்பா ஆரம்பித்தார்.

"நல்லாதான் இருக்கு. ஆனா சஸ்பென்ஸ் போயிடுமே."

"என்ன சஸ்பென்ஸ்?"

"சித்தி எப்படி இருப்பாங்கங்குறது."

"முதல் பாகத்துல காட்டியாச்சேப்பா."

"யாருக்கு ஞாபகம் இருக்கு?"

அம்மா கைக்குட்டையை மடித்துக்கொண்டே பேசினார். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்ல. என் தங்கச்சி வந்தா எனக்கு சந்தோஷம்தான். ஆனா நான் நாலு பாகமா அவ இல்லாததுக்குத்தான் அழுதிட்டிருக்கேன். அவ வந்துட்டா நான் எதுக்கு அழுவேன்?"

"காட்டலாம், காட்டலாம்," என்றார் மாமா. "எனக்குப் பின்னாடி நிக்கட்டும்."

சின்னவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் இன்னும் சின்னப் பையன்தானே? அப்ப ஓகே" என்றான்.

எல்லோரும் தயாரிப்பாளரைப் பார்த்தார்கள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அருமையான ஐடியா ரைட்டர்," என்றார். "நாலு பாகமா காட்டாததைக் காட்டுறோம். இதுக்கே கூட்டம் வரும்."

நான் நம்பினேன். இத்தனை வருடம் அவரிடம் குப்பை கொட்டியும் நம்பினேன் என்றால் என்னை என்ன சொல்வது? சித்திக்கு அங்கிருந்தே போன் செய்தேன். "எந்தப் புடவை கட்டிட்டு வரட்டும்?" என்றுதான் முதலில் கேட்டார்.

7

படப்பிடிப்பு நாளில் சித்தி எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். குடை மூடும் இடம், நிற்கும் இடம் எல்லாம் கேட்டுக்கொண்டு, அந்த வரியை மெதுவாக, வேகமாக, தழுதழுத்து, தழுதழுக்காமல் என்று எனக்குப் பேசிக்காட்டினார். தழுதழுக்காமல் பேசியதுதான் நன்றாக இருந்தது.

கேமரா தயார் என்றதும் சித்தி போய் நின்றார். இயக்குநர் [தயாரிப்பாளரின் மச்சான், வேறு தகுதிகளும் இருக்கலாம்] ஓடிவந்தார். "சித்தி, நீங்க கொஞ்சம் இப்படி ஓரமா..." என்றார். கேரவன் கதவு திறந்து ஒரு பெண் இறங்கினாள். சின்னவனை விட இரண்டு வயது கூடுதலாக இருந்தால் அதிகம். சித்தியின் பழைய காட்சிகளில் இருந்த அதே நீலப் புடவை.

நான் தயாரிப்பாளரிடம் போனேன்.

"இது யாரு சார்?"

"சித்தி."

"சித்தி அங்க நிக்கிறாங்க."

"ரைட்டர், குடை மறைச்சு வெச்சவங்களுக்கு வயசு ஏறாது. லாஜிக் இடிக்கக்கூடாது பாருங்க."

மனிதன் பறக்கிற படத்தில், நாய் பேசுகிற படத்தில், தாடி முளைத்த ஆள் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்குகிற படத்தில் லாஜிக் இடித்த ஒரே இடம் ஒரு நடுத்தர வயதுப் பெண்ணின் முகம். எனக்கு அன்று வந்த கோபத்தை இங்கே எழுதினால் அச்சிட மாட்டார்கள்.

குடும்பம் வருத்தப்பட்டது. அப்பா சித்தியின் கையைப் பிடித்து, "சினிமா இப்படித்தான்" என்றார். அம்மா, "பந்துக்கு இது தேவலை, கண்ணாவது இருக்கு" என்றார். பிறகு எல்லோரும் போய்ப் புதிய சித்தியோடு தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சித்தி ஓரத்தில் நின்று கடைசி வரை பார்த்தார். "பொண்ணு நல்லாதான் பண்றா. சீக்கிரம் வாயை மூடிடுறா, அதான் ஒரு குறை" என்றார்.

8

அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்தப் பெண்ணின் வாயசைவுக்குச் சித்தி குரல் கொடுக்க வேண்டும். "மாட்டேன்னா சொல்லச் சொல்லுங்க, அவங்க மாதிரியே பேச ஒரு மிமிக்ரி பொண்ணு ரெடியா இருக்கு" என்று தயாரிப்பாளர் போனில் சொல்லிவிட்டார். பேசினால் அந்தக் குரல் இனிமேல் அந்த முகத்தோடு போய்விடும். பேசாவிட்டால் முகம் போன வழியில் குரலும் போய்விடும்.

முடிவு ஒன்று: சித்தி மைக்கைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறார். தயாரிப்பாளர் வீடு தேடி வந்து காலில் விழுகிறார். [நீங்கள் கை தட்டுவீர்கள். எந்தத் தயாரிப்பாளர் விழுந்து நான் பார்த்திருக்கிறேன்?]

முடிவு இரண்டு: சித்தி பேசுகிறார், வேண்டுமென்றே கொஞ்சம் பிந்தி. வாய் மூடிய பிறகு குரல் வருகிறது. இது வேறு யாருடைய குரலோ என்று உலகத்துக்கே தெரிந்துவிடுகிறது. [இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சவுண்ட் இன்ஜினியரிடம் சொன்னேன். அவர் மௌஸைத் தொட்டுக் குரலை லேசாக முன்னால் நகர்த்திக் காட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது.]

முடிவு மூன்று: சித்தி நன்றாகப் பேசிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் மறுநாள் காய் வாங்கப் போ—

இல்லை. இதை நான் எழுத மாட்டேன்.

9

இப்போது டப்பிங் தியேட்டர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் சவுண்ட் இன்ஜினியரும். அந்தப் பக்கம் சித்தி, தலையில் ஹெட்போன். திரையில் அந்தப் பெண் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறாள். இன்ஜினியரின் விரல் பட்டன்மேல் இருக்கிறது.

சித்தியின் குரல் ஸ்பீக்கரில் வருகிறது. "ரைட்டர், பேசவா, வேணாமா? எல்லாருக்கும் என்ன பேசணும்னு எழுதிக் குடுக்குறீங்கள்ல. இதையும் சொல்லிடுங்க."

எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். பேசட்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, நான் இதில் தலையிடப்போவதில்லை.

ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இவ்வளவு நேரம் படித்தபோது சித்தி என்று யாரையோ மனதில் உட்காரவைத்திருப்பீர்கள். கொஞ்சம் இளமையாக, கொஞ்சம் லட்சணமாக. கோபித்துக்கொள்ளாதீர்கள், தயாரிப்பாளரும் அதைத்தான் செய்தார். மனதில் உட்கார்ந்திருக்கிற அந்தச் சித்தியை எழுப்பி அனுப்பிவிடுங்கள்.

நீளமான முகம். இடது புருவம் வலதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும், அதனால் நீங்கள் சொல்வதை நம்பும்போதும் நம்பாதது போலத் தெரியும். மூக்கின் இருபுறமும் கண்ணாடி அழுத்திய பள்ளம். கன்னத்தில் அம்மைத் தழும்பு ஒன்று. மோவாய்க்குக் கீழே தொங்கத் தொடங்கிவிட்ட சதை. சிரித்தால் பல்லைவிட ஈறு அதிகம் தெரியும். இப்போது சிரிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது, பதிலுக்காகக் கண்ணாடி வழியே இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.