இரண்டு ஜீப், இரண்டு ஆயில்

காவலூருக்கும் திருப்பத்தூருக்கும் இடையே ஆள் ஏற்றும் பூவிழியிடம் ஒரே வயதுடைய இரண்டு ஜீப்புகள் இருந்தன. விலை கூடிய சிந்தெடிக் ஆயில்தான் மலையேற்றத்தில் இன்ஜினைக் காக்கும் என்று மெக்கானிக் தல்ஹா சாதித்தார். பாதி விலைக்குக் கிடைத்த இன்னொரு சிந்தெடிக் டப்பாவிலும் அதே கிரேடு இருந்ததைப் பூவிழி படித்திருந்தாள். ஒரு ஜீப்பில் விலை கூடியதையும் மற்றதில் பாதி விலை ஆயிலையும் தன் கையாலேயே ஊற்றி, இரண்டையும் ஒரே தடத்தில் ஒரு வருடம் ஓட்டவிட்டாள்.

பிறகு, "ரெண்டு இன்ஜினோட ஆயில் சேம்பரையும் கழட்டி, பேரிங் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாருங்க பாய்," என்றாள். எதில் எந்த ஆயில் என்று சொல்லவில்லை.

தல்ஹா பேரிங்குகளை இரண்டு முறை அளந்தார். "இன்னாம்மா, ரெண்டும் இம்மிதான் தேஞ்சிக்கீது, ஒரே மாரி! இதுல எது ஒசத்தி ஆயிலு?"

"அதை நீங்கதான் பாய் சொல்லணும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு ஜீப்பிலும் பாதி விலை ஆயிலையே ஊற்றச் சொன்னாள் பூவிழி.