பத்து வயது குறைந்த மனைவி

மனைவியின் வயதில் பத்தைக் குறைப்பது சுருக் மியாவுக்குப் பெரிய காரியமாகப் படவில்லை. இங்கிலாந்தில், ஓல்டாம் பள்ளிவாசலில் கூட்டாளிகளிடம், ஊரில் இருக்கும் தன் வீட்டுக்காரி ரொம்ப இளசு என்று அளந்துவிட்டிருந்தார். காகிதமும் அதையே சொல்லட்டும் என்று, அவளுக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்த ஏஜெண்டிடம் போனிலேயே வயதைச் சொல்லிவிட்டார். பங்களாதேஷில், பியானிபஜாரில் இருந்த மாயாருன், இன்றைக்கு அறுபத்தாறு வயதாகியும் காகிதத்தில் ஐம்பத்தாறு வயதுக்காரியாக இருப்பது அப்படித்தான்.

நாற்பது வருடங்களாக அவளை இங்கிலாந்துக்கு அழைத்துக்கொள்ள அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. முதலில், நீ வந்துவிட்டால் அம்மாவை யார் பார்ப்பது என்றார். அம்மா மவுத்தான பிறகு நிலத்தை யார் பார்ப்பது என்றார். நிலத்தை விற்ற பிறகு, குளத்து மீனை யார் பார்ப்பது என்றார். கல்நெஞ்சுக்காரனுக்குச் சாக்குக்கா பஞ்சம்? போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகுதான் குரலில் தேன் வடிந்தது.

"நீதான் வரணும் மாயா. இங்க குளிப்பாட்ட வர்ற வெள்ளைக்காரிங்க தொட்டாலே உடம்பு கூசுது. கட்டின பொண்டாட்டி கை மாதிரி ஆகுமா?"

கட்டின பொண்டாட்டி என்ற சொல்லை அவர் வாயால் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது! பைத்தியக்காரி, அதிலேயே கரைந்துபோனாள். கண் மூடுவதற்குள் ஒரு நாளாவது அந்த வீட்டில், நாலு பேர் எதிரில், இவள் என் மனைவி என்று அவர் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

விசாவுக்கு இங்கிலீஷ் பேச்சுத் தேர்வு குறுக்கே நின்றது. சில்ஹெட் டவுனில் பயிற்சி வகுப்பு நடத்தும் ஃபாரூக் மாஸ்டர் அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்.

"சாச்சி, உண்மையான வயசு என்ன?"

சொன்னாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான். அறுபத்தைந்து முடிந்தவர்களுக்கு அந்தத் தேர்வே கிடையாதாம். பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடி இருந்திருந்தால் நேராக விண்ணப்பம் போட்டிருக்கலாம். இப்போது மாற்றப் போனால் மோசடி என்று கதவையே சாத்திவிடுவார்கள். ஆக, புருஷன் அடித்த ஜம்பத்தைக் காப்பாற்றுவதற்காக, கையெழுத்துக்கு மேல் ஒரு எழுத்து அறியாதவள் இருபது வயதுப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து வாரத்தின் கிழமைகளை ஒப்பிக்க வேண்டியதாயிற்று.

பெண்கள் கிண்டலடித்தார்கள். அங்கே போய் மாமாவிடம் இங்கிலீஷிலேயே சண்டை போடுவீர்களா என்றாள் ஒருத்தி.

"நம்ம பாஷையில போட்ட சண்டைக்கே அந்தாளு காது கொடுக்கல" என்றாள் மாயாருன்.

முதல் தேர்வில், தாணாக்காரனைக் கண்டவள் போல எழுந்து நின்றுவிட்டாள், வாயே திறக்கவில்லை. இரண்டாவதில் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். பெயர் என்ன என்று கேட்டதற்கும் ஆமாம்தான். ஓல்டாமில் தேன் வற்றிவிட்டது. "மாடா இருந்தாக்கூட இந்நேரம் கத்துக்கிட்டிருக்கும்" என்று சுருக் மியா போனில் கத்தினார். அவர் வலியில் பேசுகிறார் என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். சமையல் செய்யும்போதும் சட்டியோடும் கரண்டியோடும் இங்கிலீஷில் பேசினாள்.

எட்டு மாதம் கழித்து, மூன்றாவது முறை, தேறிவிட்டாள். வயது கேட்டபோது அந்தப் பொய்யைக்கூடத் தடுமாறாமல் சொன்னாள்.

சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பு வாசலிலிருந்தே ஓல்டாமுக்குப் போன் போட்டாள். அங்கே காலை நேரம். எடுத்தது அவரைக் குளிப்பாட்ட வரும் பெண். மாயாருன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பங்களாதேஷிலிருந்து மாயாருன் பேசுகிறேன், சுருக் மியா இருக்கிறாரா என்று இங்கிலீஷில் கேட்டாள். ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக வந்தது.

அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். தேர்வு வைத்தவளைப் போலவே நிறுத்தி நிதானமாகப் பேசினாள்.

"ஓ, நீங்கதானா! அவரைப் பாத்துக்க ஊர்ல இருந்து வரப்போற வேலைக்காரம்மா? உங்களப் பத்தி எப்பவும் சொல்லுவாரு. பாவம், பொண்டாட்டி செத்து வருஷக்கணக்கா ஆச்சாம், கவனிக்க ஆள் இல்லையேன்னு அழுவாரு."

எட்டு மாதத்துக்கு முன்பு என்றால் எதுவும் புரிந்திருக்காது. சிரித்து ஆமாம் என்றிருப்பாள். இப்போது ஒரு சொல் விடாமல் புரிந்தது. வேலைக்காரி, பொண்டாட்டி, செத்து. எல்லாம் மாஸ்டர் முதல் மாதத்திலேயே சொல்லிக் கொடுத்தவை.

கூட்டாளிகளிடம் இளசான பொண்டாட்டி, இவளிடம் செத்த பொண்டாட்டி. அழுகை வரவில்லை. சொற்களை ஒவ்வொன்றாகக் கோத்து இங்கிலீஷிலேயே சொன்னாள்.

"ஆமா. அவர் பொண்டாட்டி செத்துட்டா. வேலைக்காரி வரமாட்டா. நீங்களே குளிப்பாட்டுங்க."

அந்தப் பெண் புரியாமல் என்னவோ கேட்டாள். அவளுக்குப் பின்னாலிருந்து, யாரது, யாரது என்று சுருக் மியா ஊர் பாஷையில் கத்துவது கேட்டது. அவர் மூன்றாவது முறை கேட்பதற்குள் மாயாருன் போனை அணைத்துவிட்டாள்.