பாதி ஜன்னல்

1.
இந்தக் கதையை என்னிடம் கேட்டு வாங்கியவள் கீழ்வீட்டு இஸ்திரிக்கார அக்கா. "எழுதுறேன் எழுதுறேன்னு பீத்திக்கிறியே, என் ஜன்னலைக் கதையிலயாவது தொறந்து வைடா தம்பி." என்னை 'டா' போட்டுக் கூப்பிட இந்த ஊரில் வேறு ஆள் இல்லை. ஒப்புக்கொண்டேன்.

முதல் வரி: "தூண்கள் அணிவகுத்த சதுக்கத்தில் மாலை வெயில்..." (அடித்துவிட்டேன். அதையெல்லாம் ஊர் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் எழுதட்டும்.)

2.
வரலாறு. அந்தக் காலத்தில் ஒரு பிரபு, சதுக்கத்தின் நாலு பக்கமும் முகப்பை மட்டும் கட்டினார். தூண், முக்கோண முகடு, ஒரே அளவில் ஜன்னல்கள். பின்னால் வீடு கட்டுவது மனை வாங்கியவர் பாடு. எங்கள் மனையை வாங்கியவர் [பேராசைக்காரர் என்று எழுதி அடித்தேன், மறுபடி எழுதுகிறேன்: பேராசைக்காரர்] மூன்று மாடி உயரத்தில் நாலு மாடியைத் திணித்தார். ஒரு தளம் ஜன்னலுக்குக் குறுக்கே வந்துவிட்டது. ஜன்னலின் கீழ்ப்பாதி அக்காவுக்கு, மேல்பாதி மாடியில் இருக்கும் தையல்காரருக்கு. தளத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே கையகல இடைவெளி. அக்கா தன் பாதியை மேலே தள்ளித் திறந்தால், அது அந்த இடைவெளி வழியாகத் தையல்காரர் வீட்டுத் தரையில் முளைக்கும்.

வெளியே நின்று பார்த்தால் எல்லா ஜன்னலும் சமம்.

3.
தையல்காரரை வில்லனாக்கத்தான் பார்த்தேன். அக்காவின் பாதி மேலே ஏறாதபடி ஜன்னலுக்கு ஆணி அடித்தவர் அவர்தானே. சண்டையும் அந்த இடைவெளி வழியாகத்தான்.

"யோவ், ஆணியைப் பிடுங்குய்யா! ஆவியில வெந்து சாகுறேன். மூச்சு முட்டுது."

"புள்ள தவழுதுக்கா. போன தடவை நீ தள்ளினப்ப விரல் நசுங்கிச்சே, மறந்துட்டியா?"

"இனிமே சொல்லிட்டுத் தள்றேன்!"

"நீ சொன்னா அதுக்குப் புரியுமா? அது என்ன வக்கீலா?"

(இடைவெளியைச் சுற்றிப் பலகை வைத்து மறைக்க வீட்டு உரிமையாளர் விடவில்லை. வெளியே தெரியுமாம்.)

வில்லன் கிடைக்கவில்லை.

4.
முடிவு அ: அக்கா கண்ணாடியை உடைக்கிறாள். (இது நிஜமாகவே நடந்தது. மதியத்துக்குள் உரிமையாளர் அனுப்பிய ஆள் வந்து புதுக் கண்ணாடி போட்டுவிட்டார். "முகப்பு கெட்டுடும்மா" என்றார். அக்கா இருமி முடிக்கும்வரை காத்திருந்துதான் சொன்னார். மரியாதைக்காரர்.)

முடிவு ஆ: அக்கா வேறு வீடு பார்த்து

முடிவு இ: நான் மாடியேறிப் போய் ஆணியைப் பிடுங்குகிறேன். ஜன்னல் மெல்ல மேலே

5.
எழுதியவரை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"தொறந்தியா, இல்லையா?"

"புள்ள குறுக்க வந்துடுச்சுக்கா."

"கதையிலயுமா?" என்றாள். அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள்.

என்னால் ஆகவில்லை, நீங்கள் திறங்கள். ஆணி போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அக்கா உங்களுக்குப் பின்னால் மூச்சுக்குத் திணறுகிறாள். ஆனால் கீழே நின்று தள்ளுகிறவருக்கு, மேலே பிள்ளையின் கை எங்கே இருக்கிறது என்று தெரியாது.