ஒரே மரத்தின் பலகைகள்

1998 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், கல்கத்தாவின் சால்ட் லேக்கிலுள்ள திருவேங்கடத்தின் வீட்டில், கூரைக்கு மேல் பெய்ய வேண்டிய மழை கூரைக்குக் கீழே பெய்தது. துறைமுகத்தில் பொறியாளராயிருந்தவர் ஆதலால் அவரே ஏணி வைத்து ஏறிச் சோதித்தார். தளத்தில் விரிசல் இல்லை, கசிவும் இல்லை. மழை விட்டத்துக்கு ஒரு சாண் கீழே வெறுங்காற்றில் தொடங்கி, தரையில் பதித்த பலகைகளின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

பலகைகள் அவர் தேர்ந்தெடுத்தவை. சதுப்பைத் தூர்த்து எழுப்பிய நகரம் அது. மழைக்காலத்தில் மொசைக் தரை வியர்க்கும். அந்த ஈரம் அவர் மனைவி தமயந்தியின் மூச்சுக்குழலை இறுக்கும். இன்னொரு மழைக்காலத்தை இந்தத் தரைமேல் அவர் தாங்குவது அரிது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எனவே திருவேங்கடம் நீம்தலா மரக்கடைகளில் மாதக்கணக்காக அலைந்தார். கடைக்காரர் சாஹா பாபு அறைகளுக்கு பர்மாத் தேக்கும், படுக்கையறையை ஒட்டிய திறந்த முற்றத்துக்கு மலேசியாவிலிருந்து கப்பலில் வந்த மெர்பாவ் என்னும் வன்மரமும் எடுத்துவைத்தார். திருவேங்கடமோ அகத்தும் புறத்தும் நிறைந்த பரம்பொருள் ஒன்றே என்று பாசுரங்களில் ஊறியவர். உள்ளுக்கொரு மரம், புறத்துக்கொரு மரம் என்னும் பேதம் அவருக்கு ஒவ்வவில்லை. ஒரே மெர்பாவ் அடிமரத்தை அறுத்து இரண்டிடத்திலும் பதிக்கச் சொன்னார்.

"பகவானைக் கரையான் அரிக்காது, மஷாய். வெயிலும் மழையும் அவரை ஒண்ணும் பண்ணாது. பலகை அப்படியா?" என்றார் சாஹா பாபு.

"மரம் ஒன்றுதானே?"

"ஒண்ணுதான். வீட்டுக்குத்தான் உள்ளே வெளியேன்னு ரெண்டு இருக்கு."

தை மாதத்தில் பதித்து முடித்தார்கள். முதல் வாரமே, சன்னல் சாத்திய படுக்கையறையில் காலை வெயில் தரையெங்கும் கிடந்தது. தமயந்தி அதில் கால் நீட்டி அமர்ந்து, "பிரமாதமான மரம்னா!" என்றார். திருவேங்கடம் சாத்திய சன்னலைப் பார்த்தார், பின் விரிசலற்ற மேல்தளத்தைப் பார்த்தார். வெயில் வந்த வழியே மழையும் வரும் என்று அவருக்கு உடனே தோன்றிவிட்டது. பங்குனி முழுவதும் வடமேற்கு வானத்தைப் பார்ப்பதே அவர் தொழிலாயிற்று. பலகைகளைப் பெயர்த்தால் சதுப்பின் ஈரம். பெயர்க்காவிட்டால் வானத்தின் ஈரம். எதையும் முடிவு செய்ய இயலாமல், முற்றத்துக் கதவையேனும் அடைத்துவைப்போம் என்று தாழிட்டுப் பூட்டி, போக்குவரத்தைப் பின்வாசலுக்கு மாற்றினார். உள்ளேயே இப்படியென்றால் வெளியே என்ன கதியோ என்பது அவர் கணக்கு.

சித்திரையில் காலபைசாகி என்னும் வங்கத்துக் கோடைப் புயல் வந்தது. கட்டிலுக்குமேல் தார்ப்பாய் கட்டினார்கள். பூஜையறையில் பெருமாளுக்கும் ஒரு குடை விரித்தார்கள். தமயந்தியின் மூச்சு சீட்டியடிக்கத் தொடங்கியது.

"ஏன்னா, அகத்துலயும் புறத்துலயும் பெருமாளைச் சேவிச்சாச்சோல்லியோ? குடையைக் கொஞ்சம் நேராப் பிடிங்கோ, காதுல சொட்டறது."

"பேசாதே. மூச்சைப் பார்த்துக்கோ."

"அதைத்தான் காணோமே, எங்கேன்னு பார்க்கறது?"

ஆனி மாத அடைமழையில் ஒரு பிற்பகல், அந்தப் பரிகாசமும் நின்றது. தமயந்தியின் உதடுகள் நீலம் பாரித்தன. பக்கத்து வீட்டு கோஷ் பாபு தம் அம்பாசடரை வாசலுக்குக் கொண்டுவந்து, "தாதா, பௌதியைத் தூக்கிட்டு வாங்க, சீக்கிரம்!" என்று வங்காள வழக்கப்படி அண்ணன், அண்ணி முறை வைத்துக் கூவினார். பின்வாசல் சந்தில் இடுப்பளவு தண்ணீர்; காருக்கு முற்றத்தைக் கடந்தே செல்லவேண்டும். வெளிமழையில் நனைத்தால் இவள் பிழைக்கமாட்டாள். உள்மழையில் விட்டாலும் பிழைக்கமாட்டாள். திருவேங்கடம் பூட்டைத் திறந்து, மனைவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கண்களை மூடியபடி வெளியே காலெடுத்து வைத்தார்.

பலகை சூடாக இருந்தது. மதிலுக்கு அப்பால் தெரு வெள்ளமாய் ஓடியது. கோஷ் பாபுவின் குடை காற்றில் மடங்கித் திரும்பியது. முற்றத்தில் ஒரு துளி இல்லை. உலர்ந்த, அறைக்குரிய அமைதியான காற்று அங்கே நின்றது. காருக்குப் போகும் வழியில் பாதித் தொலைவில் தமயந்தி அவர் தோளைத் தட்டினார். "இறக்குங்கோ. இங்கேயே இருக்கேன்." மருத்துவர் அந்த முற்றத்துக்கே வந்து ஊசி போட்டார். விளக்கேற்றும் வேளைக்கு மூச்சு சீரானது.

மறுநாள் கட்டிலும் அலமாரியும் முற்றத்துக்கு மாறின. அடுத்த கிழமை பெருமாளும் எழுந்தருளினார். மழைநாட்களில் அக்கம்பக்கத்துப் பெண்கள் துணி உலர்த்த அங்கே வந்தார்கள். 2006 இல் வீட்டுவரிக்கு அளக்க வந்த அலுவலர், படுக்கையறையைத் திறந்தவெளி என்றும் முற்றத்தை வசிப்பிடம் என்றும் குறித்துக்கொண்டு, தேநீர் அருந்திச் சென்றார். தமயந்தி முற்றத்துக் கட்டிலில் சாய்ந்து, மூச்சு தடையின்றி ஓட, திறந்த கதவின் வழியே அறைக்குள் பெய்யும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இன்று பலமாகத்தான் பெய்கிறது என்றார். கணவர் ஆமென்று சொல்லி, சாரல் தெறிக்காதபடி கதவைப் பாதி சாத்தினார்.