கமா இருந்த நாற்காலி

அந்த அலுவலகத்தில் யாரும் தனியாகக் கணினி நிரல் எழுதுவதில்லை. ஒரு திரை, ஒரு விசைப்பலகை, இரண்டு நாற்காலி. ஒருவர் தட்டுவார், மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே பேசுவார். கொஞ்ச நேரம் போனதும் கை மாறும். வெளியாட்களுக்கு இது வெட்டி வேலையாகத் தெரியும். ஆனால் நெட்டையும் கமாவும் ஒரு மருத்துவமனையின் இணையச் செயலியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் இப்படித்தான் கட்டினார்கள். நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே மருத்துவரைப் பார்க்க நேரம் குறித்துக்கொள்ளலாம். முந்தின நாள் அவர்கள் கைபேசிக்கு நினைவூட்டல் போய்ச் சேரும்.

நெட்டை நல்ல உயரமான பெண், அதனால் அந்தப் பெயர். கமாவுக்குப் பெயர் வந்தது வேறு விதத்தில். நிரலில் எந்த மூலையில் ஒரு கமா விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. நெட்டையின் விரல் தடம் மாறும்போதே, "இரு, இரு" என்பாள். அதட்டல் கிடையாது, பஸ் ஏறப் போகிறவளைக் கையைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி ஒரு குரல்.

கமா ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். தலைவலி என்று மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள் திரும்பி வரவில்லை. மூளைவரை ஏறிவிட்டது என்றார்கள்.

மேலாளர் நல்ல மனுஷர். கொஞ்ச நாள் தனியாகவே வேலை பார் என்று நெட்டையை விட்டுவிட்டார். அப்படித் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் அது முதலில் கேட்டது. அவள் ஏதோ நினைப்பில் தட்டிக்கொண்டே போனாள். இடது காதுப் பக்கம், கமா எப்போதும் சாய்ந்து உட்காரும் தூரத்திலிருந்து, "இரு, இரு."

திரும்பிப் பார்த்தாள். காலி நாற்காலி. எழுதிய வரியைப் பார்த்தாள். தப்பு. குறித்த நேரத்தை ரத்து செய்த நோயாளிக்கும் நினைவூட்டல் போகும்படி எழுதியிருந்தாள். குரல் கேட்டதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ரொம்ப நாள் கூட இருந்தவர்கள் குரல் காதில் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். அந்தக் குரல் சொன்னது சரியாக இருந்ததைத்தான் அவளால் ஒதுக்கிவிட முடியவில்லை.

போகப்போக அவள் பதிலும் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் மனசுக்குள், பிறகு வாய்க்குள், பிறகு வாய்விட்டே. "சரிடி, மாத்திட்டேன்" என்பாள். பக்கத்து மேசைக்காரர்கள் காதில் விழாத மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் தண்ணீர் பிடிக்கப் போனால் அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு பட்டென்று நிற்கும்.

மேலாளர் அதற்குமேல் தாங்கமாட்டாமல் ஒரு புதுக் கூட்டாளியைக் கொண்டுவந்து நிறுத்தினார். காதோரம் நரைத்தவர், அளந்து பேசுகிறவர். எது சொன்னாலும் "சரிங்க" என்பதால் அந்த வாரத்திலேயே அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அவர் உட்காரப் போனபோது நெட்டை சட்டென்று எழுந்து, கமாவின் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வேறொன்றை இழுத்துப் போட்டாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. சரிங்க என்று உட்கார்ந்தார். அன்று முதல் குரல் சுவர்ப் பக்கத்திலிருந்து வந்தது.

ஒரு நாள் கமாவின் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவர். சாவு வீட்டுக்குப் போய்வந்த பிறகு நெட்டை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதற்கான திட்டுதான் விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டு எடுத்தாள்.

"ஏம்மா, அவ போனுக்கு மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு" என்றார் அம்மா. "நாளைக்கு உங்க முறை, தவறாம வரவும்னு. அவள எங்கயோ கூப்பிடுறாங்க. நான் என்னன்னு பதில் சொல்றது?"

நெட்டைக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. செயலியில் எதை மாற்றினாலும், வெளியே விடுவதற்கு முன் ஒரு பொய் நோயாளியை வைத்து முழுசாக ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பொய் நோயாளிக்குக் கமா தன் போன் எண்ணையே கொடுத்திருந்தாள். அப்போதெல்லாம் மேசைமேல் கிடக்கும் அவள் போன் அதிரும். ரெண்டு பேரும் சிரிப்பார்கள். அவள் போன பிறகு அதை மாற்ற யாருக்கும் ஞாபகமில்லை. நெட்டை அதைப் பதறாமல் எடுத்துச் சொன்னாள். நாங்க இங்க சோதிச்சுப் பாக்குறப்ப வர்றதும்மா, வேற ஒண்ணுமில்ல என்றாள்.

 "ஞாயித்துக்கிழமையும் வருதேம்மா" என்றார் அம்மா. "விடியறப்ப."

ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டிக் கிடக்கும். அன்றைக்கு யார் சோதித்துப் பார்ப்பது?

அன்று சாயங்காலம் நேரே அந்த வீட்டுக்குப் போனாள். தையல் மெஷின் பலகையில், நூல்கண்டுகளுக்கு நடுவே, கமாவின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா பேசிக்கொண்டே ஒரு பாவாடையின் ஓரத்தை மடித்துத் தைத்தார். கொஞ்சம் ஓட்டுவார், சக்கரத்தில் கையை வைத்து நிறுத்துவார், காது கொடுத்துக் கேட்பார், மறுபடி ஓட்டுவார். மெஷின் அதிர்வில் போன் அதிர்வது தெரியாமல் போய்விடுமாம்.

இதை நிறுத்தக் கூடாது என்று அம்மா கேட்கப்போகிறார் என்றே நெட்டை நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அப்படிக் கேட்டால் எப்படியாவது விட்டுவைத்துவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்துவேறு வைத்திருந்தாள்.

அம்மா கேட்டது வேறு. "நிறுத்திடும்மா. எனக்கு வீட்ட விட்டுக் கெளம்ப முடியல. தங்கச்சி வீட்டுக்குக் கூப்பிடுறா, போக மாட்டேங்குறேன். நான் இல்லாத நேரம் அது அதிர்ந்தா யாரு பாக்குறது? அணைச்சு வைக்கவும் கை வரமாட்டேங்குது. எங்கைல முடியாது, நீதான் செய்யணும்."

நெட்டை சரி என்று தலையை ஆட்டினாள். 

மறுநாள் சரிங்கவிடம் விடியலில் மெசேஜ் போவதை மட்டும் சொன்னாள். அவர் தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தார். நோயாளிகள் எழுந்திருக்கும் முன்னால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள, விடிகாலையில் தானாகவே ஒரு சோதனை நடக்கும்படி, நெட்டை லீவில் இருந்த ஒரு நாள் கமா போட்டு வைத்திருந்தாள். ஆளே வேண்டாம், அது பாட்டுக்கு ஓடும். "பயப்பட ஒண்ணுமில்லைங்க" என்றார்.

பயம் போனதும் நெட்டைக்கு அழுகை முட்டியது. கமா செத்த பிறகும் தினம் விடியலில் எழுந்து வேலைக்கு வந்துகொண்டிருந்திருக்கிறாள். நெட்டை அந்த எண் இருந்த வரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வரிதான். விரல் அசையவில்லை. சுவரோரத்திலிருந்து, "இரு, இரு."

"இருக்கேன்டி" என்று சொல்லிவிட்டாள், வாய்விட்டு.

சரிங்க தொண்டையைச் செருமினார். "நீங்க அவங்ககூட பேசுறது வந்த நாள்லேர்ந்து எனக்குக் கேக்குதுங்க. அதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா ரெண்டு பேரு சேந்து பாக்குற வேல இது. அவங்க என்ன சொல்றாங்கன்னு எனக்கும் சொல்லிடுங்க."

கிண்டலா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை. நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார்.

நெட்டை கண்ணை மூடிக்கொண்டாள். "நம்பர மட்டும் எடுத்தா சோதன பாதியிலயே நின்னுடும். அப்புறம் யாருக்காவது மெசேஜ் போகலன்னாலும் நமக்குத் தெரியாது. முதல்ல வேற நம்பர் போடணுங்குறா."

அவர் திரைக்குக் கிட்டே குனிந்து வரிகளை மேலும் கீழுமாகப் படித்தார். "அவங்க சொல்றது சரிதாங்க. என் நம்பர போட்டுக்கலாம். நான் எப்படியும் விடியறப்ப எந்திரிக்கிறவன்."

நெட்டை எழுந்துபோய்ச் சுவரோர நாற்காலியை இழுத்து வந்தாள். பழைய இடத்தில் போட்டு, அதில் தானே உட்கார்ந்துகொண்டு, விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள். அங்கே உட்கார்ந்தபோதுதான் ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடித்தது. இத்தனை காலம் கமா இந்தக் கூச்சத்தில்தான் உட்கார்ந்திருந்தாளா, ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று நினைத்துக்கொண்டாள். பழைய எண்ணை ஒவ்வோர் இலக்கமாக அவள் வாய்விட்டுப் படிக்க, அவர் அதை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டார்.

கமாவின் அம்மா தங்கை வீட்டுக்குப் போய், நினைத்ததைவிட அதிக நாள் தங்கிவிட்டு வந்தார். போன் பீரோவுக்குள் இருக்கிறது என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

குரல் மட்டும் போகவில்லை. சரிங்க அதற்குப் பழகிக்கொண்டார். சமயத்தில் எதிர்வாதமும் செய்வார். அந்த முறை பழசாயிடுச்சுங்க, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்ல, எடுத்துச் சொல்லுங்க என்பார். சில தடவை அவர் சொல்வதே சரியாக இருக்கும். அப்போதெல்லாம் கமாவிடமிருந்து ஒரு சத்தமும் இருக்காது. நெட்டைக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை.

மருத்துவமனைக்காரர்கள் செயலியைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். பழைய பக்கங்களை ஒவ்வொன்றாக மாற்றி எழுத ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. புதிதாக எழுதிய பக்கங்களில் கமா பேசுவதே இல்லை. தான் தொட்ட வரிகளில் மட்டும்தான் இருந்தாள். வேலை நடக்க நடக்க அந்த இடம் சுருங்கிக்கொண்டே வந்தது.

கடைசியில் கமா தொட்டதில் மருத்துவரை மாற்றிக்கொள்ளும் பக்கம் ஒன்று மட்டும் மிஞ்சியது. நோயாளிகள் அவ்வளவாகத் திறக்காத பக்கம். அதையும் மாற்றி எழுதிவிடலாமா என்று சரிங்க கேட்டார்.

"நல்லாத்தானே ஓடுது" என்றாள் நெட்டை. "அத எதுக்குத் தொடணும்?"

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரிங்க" என்றார்.